வன்னி வெயிலிலும் மாரியிலும் ஒரு எலெக்ட்ரிக் கிற்றார்: கடைக்குக் கொடுக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

எலெக்ட்ரிக் கிற்றார் வைத்திருக்கும் பெடியளுக்கு இப்போது வன்னியில் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் ஒன்று, திருவிழாவுக்கு வாசிக்கும் இசைக்குழுவில் ஒன்று, கனடாவில் இருந்து வந்த மாமா கொடுத்துவிட்டுப் போனது ஒன்று என்று எங்கேயாவது இருக்கும். அதில் பழுது வந்தால் யாரிடம் காட்டுவது என்பதுதான் சிக்கல். அம்ப் என்கிற ஒலிபெருக்கி, ரேடியோ திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல தச்சு வேலைகாரரும் இருக்கிறார்கள். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமான். கொழும்புக்குக் கொண்டு போனால், தூரத்தில் இருந்து வருகிறான், திரும்பி வந்து சண்டை பிடிக்க மாட்டான் என்று முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுகிற ஆட்களும் உண்டு. எல்லோரையும் சொல்லவில்லை, எனக்கு வாய்த்தவர் அப்படி. அதில் 43,000 ரூபாய் போனது. மாதக்கணக்கில் அலைச்சல் வேறு. நிதானமாக அரை மணித்தியாலம் இருந்து பார்த்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கக்கூடிய விடயங்கள்தான் அவ்வளவும். அப்படிப் பார்க்கலாம் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஸ்கொயர் ஸ்ராற். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ஸ்ராற்றோகாஸ்ரரின் மலிவு வகை. கம்பியின் அதிர்வைப் பிடித்து அம்புக்கு அனுப்பும் பிக்கப் மூன்று, மூன்று குமிழ், ஐந்து நிலைச் சுவிட்ச், பொடி என்கிற உடம்பில் நான்கு திருகால் பூட்டிய நெக் என்கிற நீண்ட கைப்பிடி. பழையதாக 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது துணிப் பையில் போட்டு எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனேன். எங்கள் வீடு தகரக் கூரை. கிளிநொச்சியில் ஆடி, ஆவணி வெயில் எப்படி என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அலுமாரிக்கு மேலே கையை நீட்டினாலே சுடும். மாரி தொடங்கி அந்த மூலை ஒழுக, அம்மா அதை இறக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். நெல் மூட்டை வந்தபோது அங்கிருந்து எடுத்துச் சுவர் மூலையில் சாய்த்தார். அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், மழையும் படவில்லை, எலியும் கடிக்கவில்லை. ஆனால் ஒரு கிற்றார் படக்கூடிய எல்லா வகைக் கஷ்டத்தையும் அது ஒரே வீட்டுக்குள் பட்டு முடித்திருந்தது.

திரும்பி வந்து பையைத் திறந்தபோது முதலில் வந்தது பூஞ்சண மணம். கம்பிகள் கறள் பிடித்துக் கபில நிறமாகி இருந்தன. விரலை வைத்து இழுத்தால் தோலில் கோடு விழுந்தது. பொடியில் கம்பிகள் தங்கி நிற்கும் பிரிட்ஜில் உள்ள குட்டித் திருகுகள் எல்லாம் கறள். கம்பி விரற்பலகையில் இருந்து நன்றாக உயர்ந்து நின்றது. கேபிள் குத்தும் ஓட்டையைப் பார்த்தால் அங்கே மண். குளவி கூடு கட்டியிருந்தது. ஸ்ராற்றில் அந்த ஜாக் முன்பக்கத்தில், ஒரு சின்னத் தோணி போலக் குழிந்த தகட்டுக்குள் இருக்கும். குளவிக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. ஈர்க்கால் கிளறினேன். காய்ந்த மண்ணோடு செத்துச் சுருண்ட சிலந்திகள் ஒவ்வொன்றாக விழுந்தன. குஞ்சுக்கு இரை என்று குளவி கொண்டுவந்து அடைத்து வைத்தவை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேபிளைக் குத்திப் பார்த்தால் அம்பில் இரைச்சல் மட்டும்தான், கிற்றார்ச் சத்தம் இல்லை.

கொழும்பில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கவுண்டரில் வைத்து ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நெக் வளைஞ்சு போச்சு. பொடியிலயும் வெடிப்பு. பிக்கப் மூண்டும் எரிஞ்சிட்டுது" என்றார். பொடியும் நெக்கும் சேரும் மூலையில் தலைமயிர் போல ஒரு கோடு இருந்தது, அதைத்தான் வெடிப்பு என்று காட்டினார். புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேலே போகும், நான் 38,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றார். பாதிக் காசை அங்கேயே கொடுத்தேன். இரண்டு கிழமை என்றது மாதங்களாக இழுபட்டது. போன் எடுத்தால் "பார்ட்ஸ் வரேல்ல". அந்த 43,000இல் மிச்சம் 5,000 ரூபாய் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும், ஒரு இரவு தங்கியதற்கும் போனது. திரும்ப வாங்கும்போது புதுக் கம்பி போட்டிருந்தார்கள், சத்தமும் வந்தது, சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஏ9 வீதியில் அவ்வளவு தூரமும் பஸ்ஸின் கீழ்ப் பெட்டிக்குள் கிடந்து வந்ததில் கம்பி முறுக்கும் கீ ஒன்றின் தண்டு வளைந்துவிட்டது. அதுவும் துணிப் பை. அடுத்த மழைக்குக் கம்பி பழையபடி உயர்ந்தது. கொஞ்ச நாளில் சத்தமும் விட்டு விட்டு வந்தது. கடைக்கு எடுத்துச் சொன்னேன். "அது நீங்க வைக்கிற விதம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அம்மாவிடம் எவ்வளவு கொடுத்தேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நானே கழற்றத் துணிந்தேன். முன்பக்கத்து வெள்ளைத் தகட்டில் 11 திருகு இருக்கும். நட்சத்திர ஸ்குரூ டிரைவரை முதலாவது திருகில் வைத்து அழுத்தித் திருப்பினேன், தலையில் இருந்த கறள் பொருக்கு அப்போதுதான் உடைந்தது. எல்லாத் திருகிலும் அப்படியே. அதாவது எனக்கு முன்னால் அந்தத் தகட்டை ஒருவரும் கழற்றவே இல்லை. தகட்டைக் கழற்றாமல் பிக்கப் மாற்ற முடியாது. நெக்கின் நான்கு திருகும் அதே கதைதான். அந்தக் கறள் பொருக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. வயிறு எரிந்தது. காசை விட, தலையாட்டிக்கொண்டு நின்றவனை இவ்வளவு லேசாகப் பேய்க்காட்டி அனுப்பியிருக்கிறார்களே என்றதுதான் தாங்கவில்லை. உள்ளே ஜாக்கின் பின்பக்கம் குளவி மண் இன்னும் ஒட்டியிருந்தது. அதன் ஏர்த் வயர் ஒரே ஒரு இழையில் தொங்கியது. சத்தம் விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். எங்கள் ஊர் ரேடியோக் கடை அண்ணை ஐந்து நிமிடத்தில் ஈயம் பிடித்துத் தந்தார். காசும் வாங்கவில்லை.

சரி, இனிப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: முதலில் மரம், பிறகு கம்பி ஓடும் வழி, கடைசியில் மின்சாரம். மின்சாரப் பக்கம் எது கெட்டாலும் காசு கொடுத்து மாற்றலாம். மரம் முறிந்திருந்தால்தான் கிற்றாரின் பெறுமதியே போகிறது. பழைய கிற்றார் வாங்கப் போகிறவர்களும் இதே ஒழுங்கில் பாருங்கள். விற்பவர் முதலில் அம்பில் மாட்டிச் சத்தத்தைக் காட்டுவார், அதில் மயங்கினால் மரத்தைப் பார்க்க மறந்துவிடுவோம்.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம், தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து போகும் சின்னத் துண்டான நட்டுக்குப் பின்னால், நெக்கும் தலையும் சேரும் கழுத்து. கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் போல் போன்ற கிற்றார்களில் தலை பின்பக்கம் சரிந்திருக்கும், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பிக்காக அந்த இடத்தில் மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். அதனால் விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். பெட்டிக்குள் இருந்தபடியே மல்லாக்க விழுந்தாலும் உடையும். ஸ்ராற் வகையில் தலை சரிவில்லாமல் நேராக இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. போன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. கோடு ஒன்று தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். பிறகு கம்பியைத் தளர்த்தியும் இறுக்கியும் பாருங்கள். இறுக்கும்போது கோடு வாய் திறந்தால் அது மர வெடிப்பு. அசையாமல் இருந்தால் பெரும்பாலும் வர்ணம் மட்டும்தான் வெடித்திருக்கும். ஒட்டித் திருத்திய தலை கெட்டது என்று நினைக்க வேண்டாம், ஒழுங்காக ஒட்டினால் பல வருடம் நிற்கும், ஆனால் விலை அதற்கேற்றபடி இறங்க வேண்டும்.

கடைக்காரர் எனக்குக் காட்டிய மூலைக் கோடு இருக்கிறதே, நெக் வந்து பொடியில் உட்காரும் குழியின் ஓரத்தில், அது திருகால் பூட்டிய நெக் உள்ள கிற்றார்களில் மிகச் சாதாரணம். அந்தப் பக்கம் மரம் மெல்லியது, மேலே பொலியெஸ்ரர் பூச்சுத் தடிப்பாக இருக்கும். மரம் கொஞ்சம் அசைய, பூச்சு வெடிக்கும். நெக்கைக் கழற்றி உள்ளே பார்த்தால் மரம் முழுதாக இருப்பது தெரியும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. அதை நிரப்ப 9,000 ரூபாய் என்று பில்லில் போட்டிருந்தார்கள், கோடோ இருந்தபடியே இருக்கிறது.

அடுத்தது நெக்கின் வளைவு. கிற்றாரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தச்சு ஆசாரி பலகையின் விளிம்பைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் தலைப்பக்கம் இருந்து பொடியை நோக்கிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பயமில்லை. ஒரு விளிம்பு ஏறி மற்றது இறங்கி முறுகி இருந்தால் அது திருத்தக் கடினம், அதை வாங்காதீர்கள். வளைவை அளக்க வேறு கருவி தேவையில்லை. விரற்பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் பிரெட். தடித்த கம்பியை முதலாவது பிரெட்டிலும், நெக் பொடியோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் அமத்துங்கள். நடுவில் ஏழாவது, எட்டாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் கால் மில்லிமீற்றர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிற்றிங் கார்ட் மட்டுமட்டாகப் போகிற அளவு. அதைவிடப் பெரிதாக இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது, கொஞ்சமும் இல்லாமல் கம்பி பிரெட்டிலேயே படுத்திருந்தால் பின்னால் வளைந்திருக்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி, ட்ரஸ் ரொட், வைத்திருக்கிறார்கள். "நெக் வளைஞ்சு போச்சு" என்று கேட்டால் நமக்கு மரமே செத்துப் போனது போல இருக்கும். பெரும்பாலும் அது ஒரு அலன்கீயால் கால் சுற்று வேலை. மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் இறுக்கினால் முன் வளைவு குறையும், எதிர்ப்பக்கம் தளர்த்தினால் கூடும். கால் சுற்றுக்கு மேலே ஒரே நாளில் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு ரியூன் செய்து, அடுத்த நாள் திரும்ப அளந்து பாருங்கள். அலன்கீ சரியான அளவாக இருக்க வேண்டும், அது மொடலுக்கு மொடல் மாறும். அளவு குறைந்த கீயைப் போட்டு உருட்டினால் உள் விளிம்பு தேய்ந்து வழுக்கிப் போகும், அதன் பிறகுதான் உண்மையான செலவு வரும். கீ இறுகி அசையவே இல்லை என்றால் பலத்தைக் காட்டாமல் விட்டுவிடுங்கள். பழையது வாங்கும்போது இந்த ட்ரஸ் ரொட் அசைகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். என்னுடைய நெக் அரைச் சுற்றில் வந்துவிட்டது, இரண்டு நாளில் பிரித்துச் செய்தேன். அதற்குக் கொழும்பில் பில் 14,000 ரூபாய்.

வளைவு சரியான பிறகு பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பி உயரத்தை அளங்கள். தடித்த கம்பி இரண்டு மில்லிமீற்றர், மெல்லிய கம்பி ஒன்றரை என்று இருந்தால் கைக்குச் சுகம். அதைப் பிரிட்ஜில் உள்ள குட்டித் திருகுகளால் கூட்டலாம், குறைக்கலாம். அவை கறள் பிடித்து இறுகி இருந்தால் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டுத் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக அமத்தி வாசியுங்கள். அம்பில் மாட்டாமலே செய்யலாம். ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அந்தப் பிரெட்டுக்கு அடுத்த பிரெட் கிளம்பி இருக்கலாம். எல்லா இடத்திலும் இரைந்தால் உயரம் போதாது. முதல் மூன்று, நான்கு பிரெட்டில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தால் அது தேய்மானம், மட்டமாக்க ஆள் வேண்டும். கம்பி முறுக்கும் கீகளைத் திருப்பும்போது சும்மா சுற்றுகிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த கீயை நிமிர்த்தப் போகாமல் மாற்றுங்கள். நான் நிமிர்த்தப் போய் முறிந்தது.

மின்சாரப் பக்கத்துக்குச் சந்தையில் விற்கிற மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும். ஸ்பீக்கர் சோதிக்க, பற்றரி சோதிக்க, வீட்டுக்கும் உதவும். கேபிளின் ஒரு முனையைக் கிற்றாரில் குத்தி, வொலியூமை முழுதாகத் திறந்து, மற்ற முனையின் நுனியிலும் தண்டிலும் மீற்றரின் இரண்டு ஊசியையும் வைத்து ஓம் அளவில் பாருங்கள். ஒரே கம்பிச் சுற்றுள்ள ஸ்ராற் வகைச் சிங்கிள் கொயில் பிக்கப் ஒன்றுக்கு 5.5 முதல் 7 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். இரண்டு சுற்றுள்ள ஹம்பக்கர் என்றால் 7, 8 என்று தொடங்கி, சத்தம் கூடியவற்றில் 15 வரைக்கும் போகும். ஐந்து நிலைச் சுவிட்சில் இரண்டாவதிலும் நான்காவதிலும் இரண்டு பிக்கப் சேர்ந்து இணையாக வேலை செய்வதால் அளவு ஏறத்தாழப் பாதியாகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ, இந்த அளவுகளை விட மிகக் கூடக் காட்டினாலோ எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது கொயில் போய்விட்டது. என்னுடைய "எரிந்த" பிக்கப் மூன்றும் 6 கிலோ ஓமுக்குக் கிட்டத்தட்டக் காட்டின. என்னுடையது போன்ற பிக்கப்பில் எரிவதற்கு வெளியில் இருந்து மின்சாரமே போவதில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கவுண்டரிலேயே திரும்பி வந்திருப்பேன். காந்தமும் செப்புக் கம்பிச் சுற்றும்தான் அது. கறள் பிடிக்கும், கம்பி அறும், எரியாது.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அழுக்கு. அதற்கென்று விற்கிற கொன்ராக்ற் கிளீனரை அடித்து இருபது தடவை அங்கும் இங்கும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். சைக்கிளுக்கு அடிக்கிற கறள் நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், குமிழுக்குள் இருக்கும் கிறீஸை அது கழுவிவிடும், பிறகு தூசியும் ஒட்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் அது நல்லது, கம்பி ஏர்த்தோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டும் குறையாவிட்டால் பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டிய இரும்புக் கொக்கியில் ஈயம் பிடித்த வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பி ஏர்த்தோடு சேர்ந்திருப்பதால் வரும் ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும், இது சாமானைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் பிளக் பொயின்ரில் ஏர்த் வயர் சும்மா பேருக்குத்தான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும் மற்றத் திருவிழாக்களிலும் ஜெனறேற்றரில் இருந்து வயர் இழுத்து மேடை போடுவார்கள். அம்பின் ஏர்த் இல்லாமல் இருந்து, அதில் கசிவும் இருந்தால், கையில் கிற்றார்க் கம்பியும் உதட்டில் மைக்கும் படும்போது உங்கள் உடம்புக்குள்ளால் கரண்ட் போகும். நமது கரண்ட் 230 வோல்ற். மேடை ஏறுமுன் மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து ஒரு ஊசியைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் இரும்பு வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ற்றுக்கு மேலே காட்டினால் சரிபார்க்கும் வரை வாசிக்காதீர்கள். மூன்று முனைப் பிளக்கின் ஏர்த் முனையைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போகும் என்று யோசனை சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தள்ளி நில்லுங்கள்.

இனி வைக்கும் இடம். கிற்றாருக்கு ஈரப்பதம் 45 முதல் 55 வீதம் இருந்தால் நல்லது என்பார்கள். ஏசி இல்லாத வன்னி வீட்டில் அது கனவு. ஐப்பசியில் தொடங்கும் மாரியில் துணி காயாது, வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கும்போது உதடு வெடிக்கும். அதனால் அந்த எண்ணைப் பிடிக்க ஓடாமல், மாற்றம் மெதுவாக நடக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். எலெக்ட்ரிக் கிற்றார் பொடி கட்டை மரம், அக்குஸ்ரிக்கைப் போல மெல்லிய பலகை இல்லை, நிறையவே தாங்கும். அசைவது நெக்தான். கடினப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பழைய பெட்டி என்றால் உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும், மலிவான சின்ன ஈரப்பதமானி ஒன்றும் போடுங்கள். மாரியில் என்னுடையது 80ஐத் தாண்டிக் காட்டும்போது ஜெல்லை எடுத்துத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் சூடாக்கித் திரும்பப் போடுவேன். நிறம் மாறுகிற ஜெல்லை மட்டும் சமைக்கும் தாச்சியில் போடாதீர்கள். கோடையில் ஜெல் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் நெக்கின் ஓரமாக விரலை ஓட்டினால் பிரெட் நுனி குத்தும். பிரெட் வளரவில்லை, மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. ரோஸ்வூட் விரற்பலகை என்றால் மினறல் எண்ணெய் இரண்டு துளி துணியில் தொட்டுப் பூசித் துடையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், மக்கு வாடை அடிக்கும், அழுக்கும் பிடிக்கும். வார்னிஷ் அடித்த மேப்பிள் பலகைக்கு எண்ணெயே தேவையில்லை.

தகரத்துக்குக் கீழே அலுமாரி உச்சி, வெளிச் சுவரில் சாய்த்த மூலை, நிலத்தோடு கட்டிலின் கீழ், இந்த மூன்று இடமும் வேண்டாம். முதலாவதில் சூட்டில் மர ஒட்டுப் பசை இளகும், இரண்டாவதில் மழைச் சுவரின் ஈரம் இழுக்கும், மூன்றாவதில் கறையான். நடு அறையில் உட்சுவர்ப் பக்கம், நிலத்தில் இருந்து இடுப்பளவு உயரத்தில், பெட்டியை நிமிர்த்தியோ பக்கவாட்டிலோ வையுங்கள். மேலே ஒன்றும் அடுக்க விடாதீர்கள். இடுப்பளவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊருக்குள் வெள்ளம் வந்தபோது, கட்டிலுக்கு மேலே வைத்தால் போதும் என்று நினைத்தவர்களின் சாமான் எல்லாம் மிதந்தது. நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். கம்பியைத் தளர்த்தி, தகட்டையும் நெக்கையும் கழற்றி, நிழலில் ஃபான் காற்றில் நாட்கணக்கில் காயவிடுங்கள். நனைந்த அம்பைக் கரண்டில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

மாதக்கணக்கில் வாசிக்காமல் விடுவதானால் கம்பியை முற்றாகக் கழற்றாமல் ஒரு முழுச் சுரம் இறக்கிவிட்டு வைத்தால் போதும், கம்பியின் இழுவையும் உள்ளே உள்ள ட்ரஸ் ரொட்டும் ஒன்றையொன்று சமப்படுத்திக்கொண்டுதான் நெக் நிற்கிறது. கம்பியைத் துடைத்துவிட்டு வையுங்கள், கறளுக்குப் பாதிக் காரணம் கை வியர்வை. ஜாக் ஓட்டைக்கு ஒரு துண்டுச் சீலையைச் சுருட்டிச் செருகுங்கள், குளவியை நான் மறக்க மாட்டேன். சத்தத்தை மாற்றும் பெடலிலோ, பற்றரியில் வேலை செய்யும் அக்ரிவ் பிக்கப்பிலோ 9 வோல்ற் பற்றரி இருந்தால் கழற்றுங்கள், ஒழுகினால் உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும். ரப்பர் ஸ்ராண்டும் வைனில் பட்டியும் நைற்றோசெலுலோஸ் பூச்சில் ஒட்டிக் கறை ஆக்கும், கிப்ஸன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். என்னுடையது போலப் பொலியெஸ்ரர் பூச்சு என்றால் பெரிய கவலையில்லை. அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், அந்த ஆவி பிளாஸ்ரிக்குக்கு நல்லதல்ல.

ஊரில் இருந்து பஸ்ஸில் கொண்டு போவதென்றால் கீழ்ப் பெட்டி வேண்டாம், அது எஞ்சின் சூடும் மற்றவர் மூட்டையும் சேரும் இடம். பின் சீற்றில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு ரிக்கற் எடுக்கச் சொன்னாலும் எடுங்கள், திருத்தச் செலவை விட அது மலிவு.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கும் முன் எல்லாத் திருகுத் தலைகளையும் நெக்கின் அடிப்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பிக்கப் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாற்றுகிற பாகத்தின் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். என் கிற்றாரில் முதல் மூன்று பிரெட் தேய்ந்திருந்தது, நட்டும் தாழ்ந்திருந்தது, அதை மட்டும் நான் செய்ய முடியாது. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு ஐயாவிடம் கொண்டு போனேன். தாளை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார். "நெக் சரி, பிக்கப் சரி எண்டு நீரே எழுதியிருக்கிறீர், அப்ப நான் பிரெட்டையும் நட்டையும்தான் பாக்க வேணும்" என்றார். பிரெட் மட்டமாக்கி, நட் மாற்றி, கம்பியும் போட்டு 7,500 ரூபாய். பழைய நட்டைக் கேட்காமலே பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்.